வரவேற்பு வீடியோவைத் தள்ளிவைத்து வாரச் செய்திமடலைப் படியுங்கள்: ஆன்லைன் முதுநிலை மாணவர்களுக்கான ஒரு ஆதரவுச் சேவை பற்றி

மருத்துவமனை மருந்தகம் ஒன்றில் பார்மசிஸ்டாக இருக்கிறேன். படிப்பை முடித்துப் பல வருடம் கழித்து, வேலையை விடாமலேயே, ஆன்லைனில் முதுநிலைப் படிப்பில் சேர்ந்திருக்கிறேன். பாடம் எபிடெமியாலஜி, அதாவது நோய்கள் மக்களிடையே எப்படி, ஏன் பரவுகின்றன என்று ஆராயும் துறை. சேர்க்கைக் கடிதம் வந்த நாளிலிருந்து முதல் பாடம் திறக்கும் நாள் வரை, புதிதாகச் சேரும் ஆன்லைன் மாணவர்களுக்கென்று பல்கலைக்கழகம் ஒரு ஆதரவுத் தொகுப்பைத் தருகிறது. இந்த விமர்சனம் அந்தத் தொகுப்பைப் பற்றி மட்டும்தான். படிப்பு எப்படி என்று பட்டம் வாங்கிய பிறகு சொல்கிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. வேறு இடங்களில் சேர்ந்த நண்பர்கள் தங்களுக்கு வந்ததைக் காட்டினார்கள். பெயரும் நிறமும்தான் வேறு, உள்ளே இருப்பது ஏறக்குறைய இதேதான். அதனால் எங்கே சேரப்போகிறவர்களுக்கும் இது உதவும்.

தொகுப்பில் இருப்பவை இவை: வரவேற்பு வீடியோக்கள், நேரலை வெபினார்கள், நூலகப் பயிற்சி, புள்ளியியல் நினைவூட்டல் பாடம், ஒரு சீனியர் மாணவரைத் துணையாக இணைத்துவிடும் ஏற்பாடு, உதவி மையம், அப்புறம் வாரம் ஒருமுறை வரும் மருத்துவ ஆராய்ச்சிச் செய்திமடல். விளம்பரப் பக்கத்தில் செய்திமடல் கடைசி வரியில்தான் இருக்கும். எனக்கு உண்மையில் பயன்பட்டது அதுதான். அதுவும் முழுதாக இல்லை, அதன் கீழ்ப்பாதி மட்டும்.

முதலில் அந்தக் கீழ்ப்பாதி. நூலகர் ஒருவரும் உயிரிப்புள்ளியியல் (மருத்துவத் தரவுகளுக்கான புள்ளியியல்) ஆசிரியர் ஒருவரும் சேர்ந்து எழுதுகிறார்கள். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு செய்திதான். பத்திரிகையில் வந்த தலைப்பை மேலே போடுகிறார்கள். அதற்குக் கீழே அந்தச் செய்தி எங்கிருந்து வந்தது, பத்திரிகைகளுக்கு அனுப்பிய பத்திரிகைக் குறிப்பா, மாநாட்டுப் பேச்சா, மற்ற நிபுணர்கள் சரிபார்க்கும் முன்பே வெளியிடும் பிரீபிரிண்டா, ஆய்விதழில் வந்த கட்டுரையா என்று ஒரு வரி. பிறகு கட்டுரையில் இருக்கும் அட்டவணைக்கு நம்மைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். எந்த எண்ணைப் பார்க்க வேண்டும், எந்த எண் தலைப்பில் வரவில்லை என்று காட்டுகிறார்கள். மொத்தம் ஒன்றரைப் பக்கம். படமோ 'அருமை, தொடருங்கள்' என்ற தட்டிக்கொடுப்போ கிடையாது.

எனக்கு முதலில் வந்த இதழ் டெக்ஸாமெத்தசோன் பற்றியது. 2020 ஜூன் 16 அன்று பிரிட்டனின் ரெகவரி ஆய்வுக்குழு முடிவை அறிவித்தபோது, 'விலை மலிவான ஸ்டீராய்டு கோவிட் நோயாளிகளின் உயிரைக் காக்கிறது' என்று உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. செய்தி பொய்யில்லை. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் வழக்கமான சிகிச்சையில் 41.4 சதவீதம், மருந்து கொடுத்தபோது 29.3 சதவீதம். ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் 26.2 சதவீதம் 23.3 ஆகக் குறைந்தது. ஆனால் ஆக்சிஜனே தேவைப்படாதவர்கள் என்று மூன்றாவது வரி ஒன்று அந்த அட்டவணையில் உண்டு. அவர்களில் மருந்து எடுத்தவர்கள் பக்கம் 17.8, எடுக்காதவர்கள் பக்கம் 14.0. பலன் இல்லை; கெடுதல்கூட இருக்கலாம் என்ற திசையில்தான் எண் நிற்கிறது. பலனில்லை என்பதை ஆய்வுக்குழு தன் அறிவிப்பிலேயே சொல்லியிருந்தது. தலைப்புகளில்தான் அது காணாமல் போனது.

இதைப் படித்தபோது அந்த மாதங்களில் எங்கள் கவுன்டர் எப்படி இருந்தது என்பது நினைவுக்கு வந்தது. லேசான காய்ச்சலுக்கு 'அந்த உயிர்காக்கும் மாத்திரை' வேண்டும் என்று கேட்டு வந்தவர்கள் எல்லோரும் தலைப்பை மட்டும் படித்தவர்கள். மூன்றாவது வரியைத் தெரிந்துவைத்திருந்தால் அவர்களிடம் பேசுவது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்! 'டாக்டர் எழுதித் தராமல் கொடுக்க மாட்டோம்' என்பது விதி. 'உங்களைப் போல ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு இதனால் லாபம் இல்லை, பாருங்கள்' என்பது பதில். இரண்டும் ஒன்றாகாது.

இன்னொரு இதழில் 2002 ஜூலையில் வந்த பெண்கள் உடல்நல ஆய்வை எடுத்துக்கொண்டார்கள். மாதவிடாய் நின்ற 16,608 பெண்களிடம் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த ஹார்மோன் மாத்திரையைச் சோதித்த பெரிய ஆய்வு அது. 'மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் அதிகம்' என்று செய்தி வந்தது. அதையே வேறு விதமாகச் சொன்னால், ஒரு வருடத்தில் 10,000 பெண்களில் மாத்திரை எடுக்காதவர்கள் பக்கம் 30 பேருக்கு, எடுத்தவர்கள் பக்கம் 38 பேருக்கு. எட்டுப் பேர் கூடுதல். 26 சதவீதமும் எட்டுப் பேரும் ஒரே கணக்குதான். இரண்டில் எதை முதலில் கேட்கிறோமோ அதுதான் மனதில் உட்கார்ந்துவிடுகிறது. இதழின் அடியில் ஒரு பயிற்சி: அந்த வாரம் வந்த வேறு ஏதாவது ஒரு மருத்துவச் செய்தியை எடுத்து, சதவீதத்தில் சொன்ன ஆபத்தை 'இத்தனை பேரில் இத்தனை பேர்' என்று மாற்றி எழுத வேண்டும். மதிப்பெண் கிடையாது. ஆனால் எழுதி அனுப்பினால் அந்த ஆசிரியர் பதில் போடுகிறார். என் கணக்குக்கு அவர் போட்ட பதில் இரண்டே வரி. 'கணக்கு சரி. ஆனால் எத்தனை வருடத்தில் என்று எழுதவில்லையே, காலம் இல்லாமல் ஆபத்துக்கு அர்த்தம் ஏது?' முன்பின் தெரியாத ஒரு மாணவருக்கு, பாடம் தொடங்கும் முன்பே, இப்படி ஒரு பதில் வருவதைத்தான் நான் ஆதரவு என்று எடுத்துக்கொள்கிறேன்.

லெக்கானமாப் இதழையும் சொல்ல வேண்டும். அல்சைமருக்கான அந்த மருந்து நோயின் வேகத்தை 27 சதவீதம் குறைக்கிறது என்று 2022 செப்டம்பர் கடைசியில் நிறுவனம் அறிவித்தது. முழுக் கட்டுரை நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வர நவம்பர் கடைசியானது. நடுவில் இரண்டு மாதம் உலகம் அந்த 27-ஐ மட்டுமே வைத்துப் பேசிக்கொண்டிருந்தது. ஆய்வில் 1,795 பேர், காலம் 18 மாதம். நினைவும் அன்றாடச் செயல்பாடும் எவ்வளவு சரிந்திருக்கின்றன என்பதை 0 முதல் 18 வரை மதிப்பிடும் அளவுகோல் ஒன்றைப் பயன்படுத்தினார்கள். மருந்து எடுத்தவர்கள் பக்கம் 1.21 புள்ளி சரிவு, எடுக்காதவர்கள் பக்கம் 1.66. வித்தியாசம் 0.45 புள்ளி. ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தவர்கள் மருந்துப் பக்கம் 12.6 சதவீதம், மருந்து கலக்காத பொய்மருந்துப் பக்கம் 1.7. செய்திமடல் இதற்கு மேல் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. 18 புள்ளி அளவுகோலில் 0.45 என்பதை நோயாளியின் குடும்பம் உணருமா என்ற கேள்வியைப் போட்டுவிட்டு, அதைப் பற்றி மருத்துவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், நீங்களும் யோசியுங்கள் என்று விட்டுவிட்டார்கள். எனக்குப் பிடித்தது இந்த அடக்கம். எல்லாச் செய்தியும் மோசடி என்று நக்கலடிப்பது சுலபம், அதைப் படித்துப் படித்து எதையும் நம்பாத ஆளாகிவிடுவதும் சுலபம். 2019-இல் வயிற்றெரிச்சலுக்கான ரானிடிடின் மாத்திரையில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய என்டிஎம்ஏ என்ற மாசு இருப்பதாகச் செய்தி வந்தபோது 'பத்திரிகைக்காரர்கள் இப்படித்தான்' என்று ஒதுக்கியவர்களை நான் அறிவேன். அடுத்த ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அந்த மருந்தைச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறச் சொன்னது. சில தலைப்புகள் உண்மைதான், அட்டவணையைப் பார்க்காமல் எது என்று தெரியாது.

சரி, இப்போது அதே செய்திமடலின் மேல்பாதிக்கு வருகிறேன். என் கோபமெல்லாம் அங்கேதான்.

மேல்பாதியை எழுதுவது பல்கலைக்கழகத்தின் செய்தித் தொடர்புத் துறை. 'நம் ஆராய்ச்சியாளர்களின் சாதனைகள்' என்று தலைப்பு. எல்லாமே அவர்கள் பத்திரிகைகளுக்கு அனுப்பும் குறிப்புகள், ஒரு எழுத்துகூட மாறாமல். 'புதிய வழி திறந்தது', 'நம்பிக்கை ஒளி', 'சிகிச்சையை மாற்றியமைக்கும்' என்று ஒவ்வொன்றும் ஒரு பட்டாசு. அதில் ஒன்று மூட்டுவலிக்கான ஒரு மூலக்கூறு பற்றியது. தலைப்பிலும் முதல் இரண்டு பத்தியிலும் 'நோயாளிகள்' என்ற சொல்தான் இருந்தது. மூன்றாவது பத்தியின் நடுவில்தான் ஆய்வு எலிகளில் நடந்தது என்று தெரிந்தது. அதே இதழின் கீழ்ப்பாதியில், விலங்கு ஆய்வை மனிதர்களுக்கான செய்தியாக எழுதுவதன் ஆபத்து பற்றிய பாடம்! ஒரே மின்னஞ்சல், இரண்டு துறைகள். ஒருவர் எழுதுவதை மற்றவர் படிப்பதே இல்லை போலிருக்கிறது.

இதைக் குறை சொல்ல எனக்கு ஆதாரம் கொடுத்ததும் அந்தக் கீழ்ப்பாதிதான். 2014-இல் பிஎம்ஜே இதழில் கார்டிஃப் பல்கலைக்கழகக் குழு ஒன்று ஒரு ஆய்வை வெளியிட்டது. பிரிட்டனின் 20 முன்னணிப் பல்கலைக்கழகங்கள் 2011-இல் வெளியிட்ட 462 பத்திரிகைக் குறிப்புகளை எடுத்து, மூலக் கட்டுரையோடும் பிறகு வந்த செய்திகளோடும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குறிப்புகளில் 40 சதவீதம், கட்டுரை சொன்னதைவிட அதிகமாக அறிவுரை சொல்லின. 33 சதவீதம், தொடர்பு என்று மட்டும் தெரிந்ததைக் காரணம் என்று எழுதின. 36 சதவீதம், விலங்குகளில் பார்த்ததை மனிதர்களுக்கு நீட்டின. குறிப்பிலேயே மனிதர்களுக்கு நீட்டியிருந்தால் செய்திகளிலும் 86 சதவீதம் அப்படியே வந்தது, குறிப்பு அடக்கமாக இருந்தபோது 10 சதவீதம்தான். நாம் பத்திரிகைக்காரர்களை ஏசிக்கொண்டிருக்கிறோம். ஊதிப் பெருக்குவது பல நேரம் பல்கலைக்கழக வாசலிலேயே தொடங்கிவிடுகிறது.

நான் மின்னஞ்சல் எழுதிக் கேட்டேன், மேல்பாதியில் ஒவ்வொரு செய்திக்கும் 'மனிதர்', 'விலங்கு', 'ஆய்வகச் செல்கள்' என்று ஒரு சின்ன அடையாளம் போடக்கூடாதா என்று. ஒரு வாரத்துக்குள் பதில் வந்தது, அதைப் பாராட்டத்தான் வேண்டும். 'எலிகளில் நடந்த ஆய்வு என்பது மூன்றாவது பத்தியில் தெளிவாகக் குறிப்பிடப்பட்டுள்ளது' என்றிருந்தது. தெளிவாகத்தான் இருந்தது, மூன்றாவது பத்தி வரை பொறுமையாகப் படிப்பவர்களுக்கு. ஆபத்தான பக்கவிளைவை அட்டைப்பெட்டியின் அடியில் சின்ன எழுத்தில் போட்டுவிட்டு 'எழுதியிருக்கிறோமே' என்று சொன்னால் மருந்துத் துறையில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

நூலகப் பயிற்சி நன்றாக இருந்தது. அரை மணி நேரம் ஒரு நூலகரோடு தனியாக வீடியோவில் பேசலாம். அவர் பாடம் நடத்தவில்லை, 'நீங்கள் என்ன தேட வந்தீர்கள்?' என்று கேட்டார். முதியவர்கள் வயிற்றெரிச்சலுக்கு வருடக்கணக்கில் எடுக்கும் பிபிஐ மாத்திரைகள் பற்றி என்றேன். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தைத் திறந்து, நான் என் பாணியில் தேடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மெஷ் எனப்படும் அதன் பொருள்தலைப்புகளால் தேடுவது, வயது வடிகட்டியைப் போடுவது, முறைப்படுத்திய மீளாய்வுகளை (ஒரு கேள்விக்கான ஆய்வுகளையெல்லாம் தேடிச் சேர்த்துப் பார்ப்பவை) மட்டும் பிரித்தெடுப்பது என்று என் கேள்வியிலேயே காட்டினார். தேடலைச் சேமித்து வைத்தால் புதுக் கட்டுரை வரும்போது பப்மெட்டே மின்னஞ்சல் அனுப்பும் என்பதும் அன்றுதான் தெரிந்தது. இன்றைக்கு என் மருத்துவ ஆராய்ச்சிச் செய்தி அந்த மின்னஞ்சலில்தான் வருகிறது, பட்டாசு இல்லாமல்.

அடுத்தது ஜோட்டெரோ. மேற்கோள்களைச் சேர்த்து வைக்கும் இலவச மென்பொருள். மருத்துவத்தில் பலரும் கேட்கும் வான்கூவர் முறையில் எண்களை அதுவே போட்டுத் தருகிறது. ஆனால் நூலகர் அதற்காகக் காட்டவில்லை. நாம் சேமித்த கட்டுரை பின்னால் திரும்பப் பெறப்பட்டால் ஜோட்டெரோ சிவப்புப் பட்டையில் எச்சரிக்கும், ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் தரவுத்தளத்தோடு அது இணைந்திருக்கிறது. உதாரணத்துக்கு அவர் எடுத்தது 2020 மே 22-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரை. மலேரியா மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைக் கோவிட் நோயாளிகளுக்குக் கொடுத்தால் இறப்பு கூடுகிறது என்று சொன்ன கட்டுரை அது. 671 மருத்துவமனைகளின் 96,032 நோயாளிகள் என்று எழுதியிருந்தார்கள். மூலத் தரவைக் காட்டச் சொன்னபோது காட்ட முடியவில்லை. ஜூன் 4-ஆம் தேதி திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் அதை நம்பிச் சில ஆய்வுகள் நிறுத்திவைக்கப்பட்டும் விட்டன. 'அந்த இடைப்பட்ட நாட்களில் இதைச் சேமித்த மாணவருக்கு யார் வந்து சொல்வார்கள்?' என்று கேட்டுவிட்டு அந்தச் சிவப்புப் பட்டையைக் காட்டினார். இதற்குப் பிறகு நூலகத்தைப் பற்றி நான் என்ன குறை சொல்ல?

ஒன்று இருக்கிறது. நூலக லாகின் கட்டணம் கட்டி, சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்து, மாணவர் எண் வந்த பிறகுதான் திறக்கிறது. எனக்கு அது பாடம் தொடங்குவதற்குச் சற்று முன்னால்தான் திறந்தது. எங்கள் தொகுதியில் சிலருக்கு முதல் அசைன்மென்ட் கொடுத்த பிறகும் வரவில்லை. வாட்ஸ்அப்பில் 'அண்ணா, லைப்ரரி லாகின் வந்துச்சா?' 'இல்லம்மா, இன்னும் பெண்டிங்னுதான் காட்டுது' என்று தினமும் ஒரு பஜனை. வளாகத்தில் படிப்பவர் நூலகத்துக்குள் நடந்துபோய் உட்கார்ந்துகொள்ளலாம், ஆன்லைன் மாணவருக்கு அந்த லாகின்தான் கதவு. அது பூட்டியிருந்தால் பயிற்சி எவ்வளவு நன்றாக இருந்து என்ன? அதுவரை அன்பேவால் என்ற இலவச உலாவி நீட்சியை வைத்துத்தான் சமாளித்தோம். கட்டுரையின் சட்டபூர்வமான இலவசப் பிரதி எங்காவது இருந்தால் அது கண்டுபிடித்துக் கொடுக்கும். அதைச் சொல்லித் தந்ததும் ஒரு சீனியர் அக்கா, தொகுப்பில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அந்தச் சீனியர் அக்காவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். துணை மாணவர் ஏற்பாட்டில் எனக்குக் கிடைத்தவர் அவர் இல்லை. எனக்கு ஒதுக்கப்பட்டவர் ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்பினார், 'ஏதாவது தேவையென்றால் தயங்காமல் கேளுங்கள்' என்று. கேட்டேன், பதில் இல்லை. அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவரும் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர், சம்பளமில்லாத பொறுப்பு, அப்போது ஆய்வேட்டின் கடைசிக் கட்டத்தில் இருந்தாராம். இந்த ஏற்பாட்டை வடிவமைத்தவர்கள்தான் யோசித்திருக்க வேண்டும். நாங்கள் தமிழ் பேசுகிற சிலர் சேர்ந்து ஒரு குழு தொடங்கினோம், அதில் வந்து சேர்ந்தவர்தான் அந்த அக்கா, ஐசியூ நர்ஸ். நைட் ட்யூட்டி முடிந்து விடியற்காலையில் எங்கள் கேள்விகளுக்கெல்லாம் மொத்தமாக வாய்ஸ் மெசேஜ் போடுவார். 'பாப்பா, எக்ஸ்டென்ஷன் வேணும்னா டெட்லைனுக்கு முன்னாடியே ஃபார்ம் போட்டுடு, அப்புறம் போட்டா எடுக்க மாட்டாங்க' என்று அவர் சொன்ன ஒரு விஷயம், மாணவர் கையேட்டில் எங்கோ பின்னிணைப்பில் ஒளிந்திருந்தது. வேலை பார்க்கும் மாணவர்களுக்கு முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்க வேண்டிய விதி.

புள்ளியியல் நினைவூட்டல் பாடம் பாதி நன்று, பாதி தண்டம். வீடியோக்கள் நீளம். சராசரி என்றால் என்ன என்பதில் தொடங்கி ஊர்வலம் போகிறார்கள், பிறகு திடீரென்று லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்ற மேல்நிலைக் கணக்குமுறைக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் இருக்கும் பாலத்தை யாரோ கழற்றி எடுத்துப்போன மாதிரி. புள்ளியியல் கணக்குக்கான ஆர் மென்பொருளை நிறுவுவதற்கான வழிகாட்டி பழைய பதிப்புக்கானது, படங்களில் இருக்கும் பட்டன்கள் திரையில் இல்லை. ஆனால் நம்பிக்கை இடைவெளி (உண்மையான பலன் எங்கிருந்து எங்குவரை இருக்கலாம் என்று காட்டும் வரம்பு) பற்றிய பயிற்சி ஒன்று இருக்கிறது. அதை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். ஒரே மருந்து, ஒரே விளைவு, ஆனால் 40 பேர், 400 பேர், 4,000 பேர் என்று மூன்று அளவுகளில் கற்பனை ஆய்வு. ஆட்களைக் கூட்டிக்கொண்டே போகும்போது இடைவெளி எப்படிச் சுருங்குகிறது என்று நாமே நகர்த்திப் பார்க்கலாம். 40 பேரில் அந்தக் கோடு 'பெரிய பலன்' முதல் 'கெடுதல்' வரை நீண்டு கிடக்கும். 'சிறு ஆய்வு, ஆனால் நம்பிக்கை அளிக்கிறது' என்று செய்தியில் எழுதும்போது அவர்கள் எதை நம்பச் சொல்கிறார்கள் என்று அப்போது புரியும். செய்திமடலும் இந்தப் பயிற்சியும் ஒன்றுக்கொன்று கை கொடுக்கின்றன. யாரும் திட்டமிட்டு அப்படிச் செய்ததாகத் தெரியவில்லை.

வெபினார்களைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. துறைத்தலைவர் வரவேற்றார், இன்னொருவரும் வரவேற்றார், பிறகு 'நீங்கள் எங்கிருந்து பேசுகிறீர்கள், சாட்டில் எழுதுங்கள்' என்றார்கள். பாதிப் பேருக்கு அது நடுராத்திரி. பதிவு பிறகு கிடைத்தது, வசனவரிகள் இல்லாமல். வரவேற்பு வீடியோக்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினாலும் ஒன்றும் நழுவாது.

உதவி மையத்தில் முதலில் பேசுவது ஒரு சாட்பாட். மாணவர் எண்ணைக் கேட்கும், மாணவர் எண் இன்னும் வரவில்லை என்பதுதான் பிரச்சினை என்று சொன்னாலும் மாணவர் எண்ணைக் கேட்கும். மனிதரிடம் போய்ச் சேர்ந்துவிட்டால் காரியம் நடக்கிறது. போய்ச் சேர 'புகார்' என்று தட்டச்சு செய்ய வேண்டும், இதைக் கண்டுபிடித்ததும் எங்கள் குழுதான்.

சேர்க்க மறந்தவை சில. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை அசைன்மென்டில் எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்பது பற்றி அந்தத் தொகுப்பில் ஒரு பத்திகூட இல்லை. ஒவ்வொரு பாட ஆசிரியரும் தனித்தனியாகச் சொல்வார் என்றார்கள், சொன்னார்கள், வேறுவேறாக. ஷிஃப்டில் வேலை பார்க்கிறவர்கள் ஒரு வாரத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதற்கும் எதுவும் இல்லை. 'நேர மேலாண்மை' வீடியோ இருக்கிறது. அதில் வருபவர் தினமும் காலை ஆறு மணிக்கு எழுந்து படிக்கச் சொல்கிறார். அந்த நேரத்தில் நான் இரவு ஷிஃப்டின் இருப்புக் கணக்கை ஒப்படைத்துக்கொண்டிருப்பேன்.

யாருக்கு இந்தச் சேவை பொருந்தும்? ஆய்வுக் கட்டுரைகளை ஏற்கெனவே படித்துப் பழகியவர்களுக்கு நூலகரின் அரை மணி நேரமும் செய்திமடலும் போதும், மற்றதைத் தொட வேண்டாம். என்னைப் போல நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருகிறவர்கள் நம்பிக்கை இடைவெளிப் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புள்ளியியலை அடியிலிருந்து தொடங்க வேண்டியவர்களுக்கு இந்த நினைவூட்டல் பாடம் காணாது. வேறு ஒரு அடிப்படைப் பாடத்தை முன்னதாகவே முடித்துவிட்டு வருவது நல்லது.

வேறு எங்காவது சேரப்போகிறவர்கள் கட்டணம் கட்டுவதற்கு முன் சேர்க்கைப் பிரிவுக்கு எழுதிக் கேட்க வேண்டியவை என் பார்வையில் மூன்று. நூலக லாகின் எந்தத் தேதியில் திறக்கும்? டெட்லைன் நீட்டிப்புக்கு என்ன விதி, யார் முடிவு செய்வார்? பாடம் தொடங்கும் முன்பு நான் ஏதாவது எழுதி அனுப்பினால் அதைப் படித்துப் பதில் சொல்ல ஆசிரியர் யாராவது இருக்கிறாரா? மூன்றாவதுக்கு 'எங்கள் அழகான போர்ட்டலைப் பாருங்கள்' என்று பதில் வந்தால் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் பல்கலைக்கழகத்திலேயே சேரப்போகிறவர்களுக்கு ஒன்று: மாணவர் கணக்கின் செட்டிங்ஸில், மின்னஞ்சல் விருப்பங்கள் என்ற இடத்தில், செய்திமடலுக்கு இரண்டு டிக் இருக்கின்றன. முதலாவதை எடுத்துவிட்டால் மேல்பாதி வராது. கீழ்ப்பாதியின் பழைய இதழ்கள் நூலகப் பக்கத்தில் 'படிப்புத் திறன்கள்' என்ற தலைப்புக்குள் இருக்கின்றன. தேடினால் வராது, உள்ளே போய்த்தான் எடுக்க வேண்டும். டெக்ஸாமெத்தசோன் இதழிலிருந்து தொடங்குங்கள்.

ஐந்துக்கு மூன்றரை தருகிறேன். அந்தக் கீழ்ப்பாதியில் ஒரு வாரமாவது பல்கலைக்கழகத்தின் சொந்தப் பத்திரிகைக் குறிப்பு ஒன்றை எடுத்து அட்டவணையோடு வைத்துப் பார்க்க முடியுமா என்று அந்த ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். 'எனக்கும் ஆசைதான், அனுமதி கேட்டிருக்கிறேன்' என்று பதில் வந்திருக்கிறது. அந்த இதழ் வந்தால் இந்த மதிப்பெண்ணை மாற்றி எழுதுகிறேன்.